முகப்பூச்சும் கட்டுக்கதையும் ஒரே வினையில்

ஆங்கிலத்தில் 'மேக்' என்ற வினையோடு 'அப்' என்ற சிறு சொல் சேர்ந்தால் கிடைக்கும் பொருள்களை வரிசையாக எழுதிப் பார்த்தால், அவற்றுக்குள் உறவே இல்லை என்றுதான் தோன்றும். நடிகர் முகத்தில் சாயம் பூசிக்கொள்வது 'மேக் அப்'. வீட்டுப்பாடம் எழுதாத பையன் வாத்தியாரிடம் இல்லாத காரணம் சொல்வதும் 'மேக் அப்'. சண்டை போட்டுக்கொண்ட கணவனும் மனைவியும் ராசியாவது, தாமதமாகப் புறப்பட்ட ரயில் வேகமெடுத்து இழந்த நேரத்தை ஈடுகட்டுவது, மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்து மருந்து கலந்து தருவது, ஒரு குழுவில் பாதிப்பேர் பெண்கள் என்று சொல்வது, இரண்டு நாள் தடுமாறியவர் ஒரு முடிவுக்கு வருவது, எல்லாவற்றுக்கும் இதே இரண்டு சொற்கள். தமிழுக்கு வந்து சேர்ந்தது இவற்றில் ஒன்றே ஒன்று. 'மேக்கப்' என்று ஒட்டி எழுதி, 'போடு' என்ற வினையைத் துணைக்கு வைத்து, முகப்பூச்சை மட்டும் எடுத்துக்கொண்டோம். மற்றவை அகராதியில் எண்ணிட்ட வரிசையாகக் கிடக்கின்றன. தேர்வுக்குப் படிப்பவர்கள் அந்த வரிசையை மனப்பாடம் செய்கிறார்கள். அது தேவையில்லாமல் நீண்ட வரிசை என்பதே இக்கட்டுரையின் வாதம். பிரிந்து கிடப்பதைச் சேர்த்தோ, குறைந்து நிற்பதை நிரப்பியோ ஒன்றை முழுமையாக்குவது என்ற ஒரே பொருள்தான் இந்த வினைக்கு; உடன்வரும் செயப்படுபொருள் மாறுவதால் அது பலவாகத் தெரிகிறது. இதற்கான சான்றுகளில் வலுவான ஒன்று தமிழுக்குள்ளேயே இருக்கிறது.

இவ்வகை வினைகள் ஒழுங்குக்கு அடங்காதவை என்ற எண்ணம் பழையது. பெரிய இடத்திலிருந்து வந்ததும்கூட. 1755இல் வெளியான தம் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன், வினையோடு ஓர் இடைச்சொல் சேர்ந்து பொருள் திரியும் தொடர்களைத் தனியே எடுத்துப் பேசுகிறார். அயலார்க்கு மிகுந்த இடர்ப்பாடு தருபவை இவைதான் என்றும், எண்ணிறந்தவை என்றும், அவற்றுள் சில எந்த வழியில் அப்பொருளை அடைந்தன என்றே கண்டுபிடிக்க முடியாத அளவுக்குத் தறிகெட்டவை என்றும் அவர் கருதினார். அந்த இனத்துக்கு 'ஃபிரேசல் வெர்ப்' என்ற பெயர் அச்சில் நிலைபெறவே மேலும் 170 ஆண்டுகள் ஆயின. 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் தம் நூலில் அப்பெயரை வழங்கினார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி சொல்லிக்கொடுத்தது என்று அவரே எழுதியிருக்கிறார். கணினியில் திரட்டிய சொல்வங்கிகள் வந்தபின் கணக்கெடுப்பு எளிதானது. டீ கார்ட்னர், மார்க் டேவிஸ் இருவரும் பிரிட்டிஷ் தேசியச் சொல்வங்கியை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரை, அதிகம் புழங்கும் 100 ஃபிரேசல் வெர்ப்களுக்குச் சராசரியாக 5.6 பொருள்கள் இருப்பதாகக் காட்டியது. 2015இல் மெலோடி கார்னியே, நார்பர்ட் ஷ்மிட் இருவரும் முதல் 150 வினைகளை எடுத்து, உண்மையில் அடிக்கடி வரும் பொருள்களை மட்டும் சலித்து 288 ஆகக் குறைத்தார்கள். கற்பிப்பவர்க்கு இது பெரிய உதவி. ஆனால் கவனிக்க வேண்டியது, பட்டியல் சுருங்கியதே தவிரப் பட்டியல் என்ற எண்ணம் மாறவில்லை. எந்தப் பொருள் அடிக்கடி வருகிறது என்று எண்ணலாம். ஏன் அந்தப் பொருள்கள் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன என்பதை எண்ணிக்கை சொல்லாது.

முதலில் 'அப்' என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். மேலே என்ற திசைப்பொருள் எல்லோருக்கும் தெரிந்தது. அதைவிட அதிகம் உழைப்பது அதன் இன்னொரு பொருள்: செயல் தன் எல்லையைத் தொட்டுவிட்டது என்று காட்டுவது. 'ஈட்' என்றால் சாப்பிடுவது. 'ஈட் அப்' என்றால் தட்டு காலி. ஒருவர் ஒரு மணி நேரமாகக் கேக்கைத் தின்றுகொண்டிருந்தார் என்பதை முதல் வினையால் சொல்லலாம். 'ஈட் அப்' போட்டு அதே 'ஒரு மணி நேரமாக' என்பதைச் சேர்த்தால் ஆங்கிலக் காது முகம் சுளிக்கும். 'ஒரு மணி நேரத்தில்' என்று மாற்ற வேண்டும். தமிழர்க்கு இது புதிதே இல்லை. 'ஒரு மணி நேரமாகத் தின்றான்' என்போம், 'ஒரு மணி நேரமாகத் தின்றுவிட்டான்' என்னமாட்டோம். 'ஒரு மணி நேரத்தில் தின்றுவிட்டான்' என்பதே வரும். 'விடு' என்ற துணைவினை இங்கே செய்யும் வேலையைத்தான் அங்கே 'அப்' செய்கிறது. இனி 'மேக்' தனியாக வரும் இடத்தையும் 'அப்' உடன் வரும் இடத்தையும் அருகருகே வைக்கலாம். காலையில் எழுந்தவுடன் கசங்கிய விரிப்பை இழுத்துச் சரிசெய்வதற்கு 'மேக்' போதும், படுக்கை ஏற்கெனவே இருக்கிறது. இரவு திடீரென்று விருந்தாளி வந்து, கூடத்து சோபாவில் மெத்தை போட்டு, அலமாரியிலிருந்து விரிப்பும் தலையணையும் போர்வையும் எடுத்துவந்து ஒரு படுக்கையை உண்டாக்கினால், ஆங்கிலேயர் பெரும்பாலும் 'மேக் அப்' என்பார். இல்லாத படுக்கை துண்டு துண்டாகச் சேர்ந்து முழுமை பெறுகிறது. வேறுபாடு நுட்பமானது, பேச்சில் சில சமயம் கலந்தும் போகும். ஆனாலும் அது எந்தத் திசையில் சாய்கிறது என்பதில் ஐயமில்லை.

வரலாறும் இதையே சொல்கிறது. 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் விவிலிய மொழிபெயர்ப்பில் 'மேக் அப்' வரும் மூன்று இடங்கள் இந்த வாதத்துக்கு மிகப் பொருத்தமானவை. நெகேமியா நூலில், எருசலேமின் மதில் எழும்பிவருவதையும் உடைப்புகள் அடைபடுவதையும் கேட்டுப் பகைவர் கடுங்கோபம் கொள்ளும் இடத்தில், மதில் கட்டப்பட்டதற்கு இந்த வினைதான். எசேக்கியேல் நூலில், திறப்பில் போய் நின்று வேலியை அடைக்கவில்லை என்று கள்ளத் தீர்க்கதரிசிகளைச் சாடும் இடத்தில், வேலியின் உடைப்பை அடைப்பதற்கும் இதுவே. மல்கியா நூலில் கடவுள் தம் அரிய செல்வங்களை ஒன்றுசேர்க்கும் நாளைப் பேசும் இடத்திலும் இதுவே. ஒன்றில் சுவர், ஒன்றில் வேலி, ஒன்றில் மணிகள். கட்டுவது, அடைப்பது, திரட்டுவது என்று தமிழில் மூன்று வினை வேண்டியிருக்கும் இடங்களில் மொழிபெயர்ப்பாளர்கள் ஒன்றை வைத்தே நடத்தியிருக்கிறார்கள். சிதறிய மணிகளைச் சேர்ப்பதும் வேலியின் ஓட்டையை நிரப்புவதும் இருவேறு செயல்கள் என்று நமக்குத் தோன்றலாம். முடிவிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்: இருக்க வேண்டிய அளவுக்குக் குறைந்திருந்த ஒன்று இப்போது குறைவில்லாமல் இருக்கிறது. முழுமை என்பது வெளியிலிருந்து துண்டுகளைக் கொண்டுவந்தும் வரும், உள்ளிருக்கும் பள்ளத்தைத் தூர்த்தும் வரும். இன்றைய ஆங்கிலத்தின் 'மேக் அப்' பொருள்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த இரு கிளைகளில் ஒன்றில் வந்து உட்காரும்.

நிரப்பும் கிளையில் செயப்படுபொருள் எப்போதும் ஒரு குறை. இழந்த நேரம், விட்டுப்போன பரீட்சை, குறையும் தொகை, ஆள் பற்றாத சீட்டாட்டக் கூட்டம். அமெரிக்கக் கல்லூரிகளிலும், இப்போது நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகள் சிலவற்றிலும், தவறவிட்ட தேர்வுக்கு மாற்றாக நடத்தப்படும் 'மேக்கப் எக்ஸாம்' இந்தக் கிளையில் பிறந்தது. முகப்பூச்சு மட்டும் தெரிந்தவருக்கு அந்த அறிவிப்பு வேடிக்கையாகத்தான் இருக்கும். சமாதானமாவதும் இங்கேதான் வருகிறது. இருவருக்கிடையே விழுந்த பிளவு அடைக்கப்படுகிறது. இப்போது யாரோடு என்று ஆளைச் சொல்லி 'மேக் அப்' ஆகலாம். பழைய நடையில் சண்டையே அதன் செயப்படுபொருளாக வரும், வேலியின் உடைப்பு வந்ததுபோலவே. சேர்க்கும் கிளையில் செயப்படுபொருள் உருவாகும் முழுமை: பொட்டலம், மருந்து, கணக்கு, பெட்டிகளைக் கோத்து அமைக்கும் ரயில் தொடர், அச்சகத்தில் ஒரு பக்கம். ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக் கோத்தவர் நீளப் பத்தியாகக் கோத்துவைத்த எழுத்தை, வேறொருவர் அளவாக வெட்டி, தலைப்பையும் படக் கட்டையையும் இடையிடையே வைத்து, சந்துகளில் மரத் துண்டு செருகி, இரும்புச் சட்டத்துக்குள் முடுக்கினால் அதற்குப் பெயர் 'மேக் அப்'. அந்த வேலை கணினிக்குப் போனதும் பெயரும் 'லே அவுட்' ஆகிவிட்டது. ஒரு ஃபிரேசல் வெர்ப் போய் இன்னொன்று வந்ததோடு சரி. மனத்தை 'மேக் அப்' செய்வதாகச் சொல்லும்போதும் பல பக்கம் சிதறிய எண்ணங்கள் ஒரு முடிவாகத் திரள்கின்றன. குழுவில் பாதிப்பேர் பெண்கள் என்னும் பொருளில் மட்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறுகிறது: சேர்ப்பவர் யாரும் இல்லை, துண்டுகளே எழுவாயாக நின்று முழுமையை ஆக்குகின்றன.

முகப்பூச்சுக்கு வருவோம். இன்று 'மேக்கப்' என்றால் பவுடர், உதட்டுச்சாயம், கண்மை. நாடக அரங்கில் இந்த வினை புழக்கத்துக்கு வந்த 19ஆம் நூற்றாண்டில் அதன் பரப்பு பெரிது. ஒரு பாத்திரத்துக்கு நடிகர் தம்மை 'மேக் அப்' செய்துகொள்வது என்றால் டோப்பா, ஒட்டுத்தாடி, உடுப்பு, வயிற்றில் கட்டிக்கொள்ளும் பஞ்சு, முகச்சாயம் எல்லாம் சேர்ந்தது. பல துண்டுகளிலிருந்து ஒரு ஆள் உருவாக்கப்படுகிறான். சாயம் அதில் ஒரு பகுதி. நாளடைவில் பொருள் சாயத்தின் மேல் குவிந்தது. 20ஆம் நூற்றாண்டில் ஹாலிவுட் வந்தது. திரைநடிகர்களுக்குப் பூச்சு தயாரித்துப் பெயர்பெற்ற மேக்ஸ் ஃபேக்டர் 1920களில் பொதுமக்களுக்கான தம் சரக்கையும் 'மேக்கப்' என்ற பெயரிலேயே விற்றார். அதுவரை குடும்பப் பெண்கள் சொல்லக் கூசிய அரங்கச் சொல் கடைக்கு வந்தது. ஆக, முகப்பூச்சு என்ற பொருள் கடைசியாகச் சுருங்கி வந்த பொருள். மூலத்தில் இருந்தது ஓர் உருவத்தைத் துண்டுகளிலிருந்து கூட்டியெடுப்பது. பொய் சொல்வதும் இப்படித்தான். உள்ளதை மறைப்பது, மறுப்பது, மிகைப்படுத்துவது எதற்கும் ஆங்கிலத்தில் 'மேக் அப்' வராது. 'நான் போகவில்லை' என்று ஒரே சொல்லில் மறுப்பவனுக்கு வேறு வினை உண்டு. பாட்டி ஊரிலிருந்து வந்தாள், பேருந்து வழியில் நின்றது, புத்தகம் மழையில் நனைந்தது என்று துண்டுகளை அடுக்கி ஒன்றாக்கினால்தான் அது 'மேக் அப்'. குழந்தைக்குத் தூங்கும் நேரத்தில் புதுக்கதை சொல்லும் தாய்க்கும் இதே வினை பொருந்துகிறது என்பதால், பொய் என்ற பழி இதன் மையத்தில் இல்லை என்பதும் தெளிவு.

இவ்வளவும் ஆங்கிலத்துக்குள்ளேயே நின்று சொன்னது. 'எந்த வரிசையையும் ஒருவர் தம் வசதிக்கு ஒரு நூலில் கோத்துக் காட்டலாம், நீங்கள் காட்டும் ஒற்றுமை உங்கள் கண்ணில் இருக்கிறது, மொழியில் இல்லை' என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. இதற்கு விடை, ஆங்கிலத்தோடு குடும்ப உறவே இல்லாத ஒரு மொழியில் இதே கூட்டம் ஒரே வினையின்கீழ் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. தமிழில் 'கட்டு' என்ற வினை இருக்கிறது. சுவர் கட்டுகிறோம். பொட்டலமும் மூட்டையும் கட்டுகிறோம். பாட்டுக் கட்டுகிறார்கள். கதை கட்டிவிடுகிறார்கள், கட்டுக்கதை என்ற பெயரே அப்படி வந்தது, 'இட்டுக்கட்டிச் சொல்கிறான்' என்ற வழக்கும் உண்டு. இழப்பை ஈடுகட்டுகிறோம். வட தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் வேஷம் கட்டுகிறார்கள். இந்தக் கடைசி வழக்கு கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. கூத்தில் அரிதாரம் பூசுவதற்குப் 'பூசு' என்ற வினையே போதும். ஆனால் துரியோதனனோ கர்ணனோ ஆவதற்கு அது மட்டும் போதாது. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் முதலிய மரத்தால் செய்து கண்ணாடிச் சில்லுப் பதித்த அணிகளை ஒவ்வொன்றாகக் கயிற்றால் இழுத்துக் கட்டி, இடுப்பில் துணிகளைச் சுருட்டிக் கட்டி அகலப்படுத்தி, அதன்மேல் பாவாடை சுற்ற வேண்டும். அத்தனையும் சேர்ந்தால்தான் வேஷம். லண்டன் நடிகரின் 'மேக் அப்' எதைக் குறித்ததோ அதையேதான் இது குறிக்கிறது, பூச்சை அன்று, கூட்டியெடுத்த உருவத்தை. 'புனை' என்ற இலக்கிய வினையும் உடன் வந்து நிற்கிறது: அழகுபடுத்துவதும் புனைதல், கவிதை இயற்றுவதும் புனைதல், இல்லாததைச் சொல்வதும் புனைதல். முகத்தை அலங்கரிப்பதும் கதையை உண்டாக்குவதும் ஒரே வினையில் அடங்குவது ஆங்கிலத்தின் விபத்து என்றால், தமிழில் அதே விபத்து இரண்டு வினைகளில் ஏன் நேர வேண்டும்?

தற்செயல் என்று இதைத் தள்ளுவதற்குப் பதிலாக, ஒற்றுமை எங்கே நிற்கிறது என்றும் பார்ப்பதே நேர்மை. 'கட்டு' சண்டையைத் தீர்க்காது. அதற்குச் சிறுவர்கள் பழம் விடுகிறார்கள், பெரியவர்கள் ராசியாகிறார்கள். மனத்தைக் கட்டினால் முடிவெடுத்ததாகப் பொருளில்லை, அடக்கியதாகப் பொருள். மறுபக்கம், தாலியும் வரியும் கட்டுகிறோம்; 'மேக் அப்' அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. இன்று ஒரு வீட்டை ஆங்கிலத்தில் 'மேக் அப்' செய்யவும் முடியாது. அப்படியானால் மையப்பொருள் தெரிந்து என்ன பயன், எது வரும் எது வராது என்று அதைக்கொண்டு முன்கூட்டிச் சொல்ல முடியவில்லையே என்பது அடுத்த மறுப்பு. ஒரு பொருள் ஏன் வந்தது என்று விளக்குவது வேறு, எது வரும் என்று கணிப்பது வேறு. மதிலை 'மேக் அப்' செய்வது 1611இல் இயல்பாக இருந்தது, பிறகு வழக்கொழிந்தது; வினையின் மையம் அதற்கு இடம் கொடுத்தது, பயன்பாடு அந்த இடத்தை மூடியது. மையம் வாசல்களைத் திறந்துவைக்கிறது. எந்த வாசலில் நடமாட்டம் இருக்கும் என்பதை அந்தந்த மொழி பேசுவோர் தீர்மானிக்கிறார்கள்.

இன்னொரு மறுப்பு 'அப்' பற்றியது. காதலர் பிரிவது 'பிரேக் அப்', மீண்டும் சேர்வது 'மேக் அப்'. நேரெதிரான இரண்டிலும் ஒரே இடைச்சொல் வருகிறதென்றால் அதற்குப் பொருளே இல்லை என்றுதானே ஆகிறது? இல்லை. உடைத்துவிட்டான், கட்டிவிட்டான் என்று இரண்டிலும் 'விடு' வருவதால் அதற்குப் பொருளில்லை என்று யாரும் சொல்வதில்லை. திசையைத் தருவது முதல் வினை, முற்றுப்பெற்றதைச் சொல்வது இரண்டாவது. இடைச்சொல்லுக்குத் தனி உயிர் உண்டு என்பதற்கு ஆங்கிலத் தொடரமைப்பிலேயே சான்றிருக்கிறது. கதை என்ற பெயரை 'அப்' என்பதற்கு முன்னும் வைக்கலாம், பின்னும் வைக்கலாம். 'அது' என்ற சுட்டுப்பெயர் வந்தால் இரண்டுக்கும் நடுவில்தான் வைத்தாக வேண்டும். பிரிக்க முடிகிற ஒன்றை ஒட்டுச்சொல்லாக எண்ணி மனப்பாடம் செய்பவர் இங்கேதான் தவறுகிறார். தமிழிலும் 'எழுதியே விட்டான்', 'எழுதித்தான் தொலைத்தான்' என்று நடுவில் பிளக்கலாம். டுவைட் போலிஞ்சர் 1971இலும், 'அப்', 'அவுட்' என்ற இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு சூசன் லிண்ட்னர் 1981இலும் செய்த ஆய்வுகளுக்குப் பிறகு, இடைச்சொல் வெறும் வால் என்ற பேச்சு மொழியியலில் வலுவிழந்துவிட்டது.

வகுப்பறையில் இது உதவுமா என்பதற்குக் கலப்பான சான்றே இருக்கிறது. ஹீப்ரு பேசும் மாணவர்கள் ஃபிரேசல் வெர்ப் வரவேண்டிய இடத்தில் ஒற்றைச்சொல் வினையைப் போட்டு ஒதுங்கிப்போகிறார்கள் என்று டகுட், லாஃபர் இருவரும் 1985இல் காட்டினார்கள். ஹீப்ருவில் இத்தகைய அமைப்பு இல்லாததே காரணம் என்றார்கள். ஆனால் இந்த அமைப்பைத் தம் மொழியிலேயே வைத்திருக்கும் டச்சுக்காரர்களும் ஓரளவு ஒதுங்குகிறார்கள் என்று 1989இல் இன்னோர் ஆய்வு வந்தது. ஆகவே அமைப்பு மட்டும் சிக்கல் இல்லை, பொருளும் சிக்கல். 1996இல் கோவெச்செஸ், சாபோ இருவரும் ஹங்கேரி மாணவர்களிடம் சோதித்தபோது, இடைச்சொல்லின் பின்னுள்ள கருத்தைச் சொல்லிக்கொடுத்த குழு, முன்பு பார்த்திராத வினைகளிலும் கூடுதலாகத் தேறியது. 2000இல் ஃபிராங்க் போயர்ஸ் பிரெஞ்சு பேசுவோரிடம் செய்த சோதனையில், கற்ற வினைகள் நன்றாக நினைவில் நின்றன, புதியவற்றுக்கு அந்த உதவி நீளவில்லை. போயர்ஸின் முடிவு என் வாதத்தோடு முரண்படவில்லை: மையப்பொருள் நினைவுக்குக் கொக்கி, ஊகத்துக்குச் சாவியாக இருக்க வேண்டும் என்பதில்லை. தமிழ் மாணவருக்கு 'விடு' முதலிய துணைவினைகள் கையில் இருக்கும்போது அவற்றைத் தொடாமல் 'மேக் அப்' என்பதன் கீழே ஏழு பொருள்களை எழுதிப்போட்டு ஒப்பிக்கச் சொல்வது, கைப்பொருளைப் பூட்டி வைத்துவிட்டுக் கடன் வாங்குவதுபோல.

இந்தக் கூரைக்குள் அடங்காதவையும் உண்டு. ஒருவரிடம் குழைந்து காரியம் சாதிக்கப் பார்ப்பதற்கு 'மேக் அப் டு' என்ற வழக்கு பிரிட்டனில் இருக்கிறது. சேர்த்தல், நிரப்பல் இரண்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒன்றை நோக்கிச் செல்வது என்ற பொருளும் 'மேக்' வினைக்கு உண்டு, நெருங்கி வருவது என்ற பொருளும் 'அப்' என்பதற்கு உண்டு; அந்த இரண்டும் சேர்ந்த வேறொரு கூட்டு இது, எழுத்தில் ஒன்றுபோல இருப்பதால் அகராதி ஒரே தலைப்பின்கீழ் போட்டுவிட்டது. பிரிட்டிஷ் படையில் சிப்பாய் சார்ஜென்ட் ஆனால் அவர் 'மேட் அப்'. அங்கே 'அப்' என்பதற்குப் பதவியில் மேலே என்ற நேர்ப்பொருள்தான். லிவர்பூல்காரர் ஒருவர் பேரன் பிறந்த செய்தி கேட்டு 'நான் மேட் அப்' என்றால் பூரித்துப்போனார் என்று பொருள், பொடி பூசினார் என்றோ புளுகினார் என்றோ பொருளில்லை. மனநிறைவை முழுமையோடு இணைத்து இதையும் உள்ளே இழுத்துவிடலாம்தான். அந்த ஊர்ப் பேச்சின் பழைய பதிவுகளை வரிசைப்படுத்திப் பார்க்காமல் அப்படிச் செய்வது, நாமே ஒரு கதை கட்டுவதாகிவிடும்.